தமிழில் கர்சிவ் உண்டா? ஹீரோ பேனா கொடுத்தால் கையெழுத்து திருந்துமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கேள்வி. 12.10.2024, காலை 9.40

என் மகன் நாலாவது படிக்கிறான். இங்கிலீஷைக் கர்சிவில்தான், அதாவது எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான், எழுத வேண்டும் என்று பள்ளியில் கட்டாயம். தினமும் நாலு கோடு நோட்டில் இரண்டு பக்கம். எழுதி முடிப்பதற்குள் அழுகை. தமிழில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் தமிழுக்குக் கர்சிவே கிடையாது. ஒரு ஹீரோ இங்க் பேனா வாங்கிக் கொடு, எழுத்து தானாக வரும் என்கிறார் என் மச்சான். நேற்று ஆயுத பூஜைக்குப் பேனாக்களை எடுத்துப் பொட்டு வைத்தபோது என் பழைய ஹீரோ கிடைத்தது. அதையே கொடுத்துவிடலாமா?

12.10.2024, காலை 11.15, கடலூரிலிருந்து பதில்

தமிழுக்குக் கர்சிவ் இல்லை என்று யார் சொன்னது?

1993 முதல் 2001 வரை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வரும் முன்பு முத்திரைத்தாளில் எல்லாம் கையெழுத்துதான். ஒரு நாளைக்கு இரண்டு கிரையப் பத்திரம், ஒரு அடமானம், நடுவில் யாராவது உயில் என்று வந்து நிற்பார்கள். அந்த வேகத்தில் எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் மாலைக்குள் கை விழுந்துவிடும். 'எழுதிக்கொடுத்த சுத்தக் கிரைய சாசனம் என்னவென்றால்' என்பதை எங்கள் ஐயா, அந்த எழுத்தர், எழுதும்போது பேனா மூன்றோ நாலோ தடவைதான் தாளைவிட்டு எழும். கொம்பு அடுத்த எழுத்தின் வயிற்றில் போய் முடியும். கால், முந்தின எழுத்தின் வாலிலிருந்தே இறங்கும். இதெல்லாம் கர்சிவ் இல்லாமல் வேறென்ன?

அப்புறம் ௸. மேற்படி என்பதற்கு ஒரே சுழிப்பு. பழைய பத்திரங்களில் 'ஷையார்' என்று படித்துவிட்டு அது யாரோ வடநாட்டுக்காரர் பெயர் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். மேற்படியார் என்பதுதான் அது.

பேனா விஷயத்தில் உங்கள் மச்சான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எட்டு வருஷமும் நான் எழுதியது ஹீரோவில்தான். கொடுங்கள்.

12.10.2024, இரவு 8.30

ஒன்று விட்டுப்போனது. பொட்டு மூடியின் மேல்தானே வைத்தீர்கள்? ஒருமுறை என் மனைவி பக்தி மிகுந்து மூடியைக் கழற்றி நிப்புக்கே சந்தனம் தடவிவிட்டார். அந்தப் பேனா அடுத்த தை வரை மௌன விரதம்.

14.10.2024

முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவசரத்தில் கிறுக்குவது வேறு, முறையாகச் சொல்லிக்கொடுக்கும் சேர்த்தெழுத்து வேறு, ௸ என்பது குறியீடு, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறார். ௸ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴ போல அதுவும் குறிதான். கொஞ்சம் ஆசையில் சேர்த்துவிட்டேன்.

ஆனால் முறையாகச் சொல்லிக்கொடுத்தது இல்லை என்பதை ஏற்க மாட்டேன். நான் பிறந்தது 1972. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் முன்பே ஆயா எனக்கு வீட்டுத் திண்ணையில் மணலில் எழுத்து பழக்கிவிட்டாள். ஆயாவின் 'லை'க்கு முன்னால் தனியாக இரட்டைச் சுழி நிற்காது. ல-வின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. 'னை', 'ளை', 'ணை' எல்லாம் அப்படித்தான். 'றா', 'னா', 'ணா' மூன்றுக்கும் தனிக் கால் இல்லை. எழுத்தின் வால் அப்படியே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். ஒரே இழுப்பு.

பள்ளிக்குப் போனேன். அது 1978. அந்த வருஷம்தான் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. துதிக்கை போய் ை வந்தது, சுழி போய்க் கால் வந்தது. திண்ணையில் கற்றதை நான் வகுப்பில் எழுத, வாத்தியார் அடித்துத் திருத்த, வீட்டுக்கு வந்தால் ஆயா, 'இது என்னடா லை, மூக்கறுந்து கெடக்கு?' என்று திட்ட, ஒரு வருஷம் இரண்டு பக்கமும் உதை.

அச்சுக்கும் தட்டச்சுக்கும் அந்தச் சீர்திருத்தம் பெரிய வசதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையால் எழுதுகிறவனுக்கு இருந்த சில இயல்பான சேர்த்தெழுத்துகளை அது பிரித்து வைத்தது. என் ஐயா 2001 வரை துதிக்கை லை-தான் போட்டார். பதிவாளர் யாரும் கேட்டதில்லை.

15.10.2024

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 1978-லேயே எல்லாம் மாறிவிட்டது போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா படித்த பழைய புத்தகங்களில் துதிக்கை அப்படியே இருந்தது, அதை வைத்துத்தான் நான் வாத்தியாரிடம் வாதாடினேன். பலன்: இன்னொரு அடி.

20.10.2024, ஞாயிறு

இந்த இழை கிளப்பிவிட்ட ஆசையில் இன்று புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ், ஒரு பேனாவுக்காக. வீட்டில் சொன்னது 'துணி எடுக்க'. ஒரு கடையில் தங்க நிற மூடி போட்ட ஹீரோ, பழசு. விலையை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவார்.

பின் கட்டையைக் கழற்றி, நிப்பை மை புட்டிக்குள் வைத்து ரப்பர் பையை நாலைந்து தடவை அமுக்கினேன். குமிழி வந்தது, மை ஏறவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு இரண்டு மணி நேரம் ஊற வைத்தேன். யாரோ எப்போதோ எழுதாமல் விட்ட மை, கஷாயம் மாதிரி இறங்கியது. மூன்றாவது அலசலில் தெளிந்தது. இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

அப்புறம் மகளிடம் கொடுத்தேன். அவளும் நாலாவதுதான். இரண்டு வரியில் கொர்கொர் என்று கீறி, தாளைக் கிழித்து, 'அப்பா இது எழுதல' என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பேனாவைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். ஹீரோவின் நிப் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் எலி மூக்கு மாதிரி வெளியே தெரியும். எந்தப் பக்கம் மேலே என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நமக்கு விரலே சொல்லிவிடும், அதற்கு எத்தனை வருஷம் ஆனது என்பது மறந்துபோகிறது.

நெல்லிக்குப்பம் நண்பரே, பேனாவைக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

23.10.2024

'இங்க் பேனாவுக்கு இவ்வளவு கோயில் கட்டுகிறீர்கள், ரெனால்ட்ஸுக்கு ஒரு மாடம் கூடவா இல்லை?' என்று ஒருவர். நியாயம். வெள்ளை உடம்பு, நீல மூடி, 045. எங்கள் தலைமுறையில் அந்த மூடியைக் கடிக்காதவன் பரீட்சை எழுதியிருக்க மாட்டான். அதன் உடம்பில் 'ஃபைன் கார்ப்யூர்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அது என்ன என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். புதுச்சேரியில் என்னுடன் வேலை செய்யும், பிரெஞ்சு படித்த அம்மா ஒருவர்தான் சொன்னார்: கார்ப்யூர் என்றால் பிரெஞ்சில் கார்பைடு. பால் பாயிண்ட் முனையில் உருளும் குண்டு டங்ஸ்டன் கார்பைடில் செய்வது, எளிதில் தேயாது.

ஆனாலும் அன்றைக்கும் இன்றைக்கும் என் புகார் ஒன்றுதான். அந்தக் குண்டு உருள வேண்டுமானால் அழுத்த வேண்டும். மை எண்ணெய்ப் பசையோடு கெட்டியாக இருப்பதால் தானாக இறங்காது. இங்க் பேனாவில் நிப் தாளைத் தொட்டால் போதும், பிளவு வழியாக மை தானே இறங்கும். அழுத்தி எழுதினால் கட்டைவிரல் வலிக்கும், எழுத்து நிமிர்ந்து விறைத்துக்கொள்ளும், சேர்த்தெழுத்து உடையும். பால் பாயிண்டால் கையெழுத்து கெட்டவர் எங்கள் வீட்டிலேயே உண்டு, என் அப்பா. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

24.10.2024

நேற்று பால் பாயிண்ட் அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று எழுதி, அப்புறம் அந்த வரியை எடுத்துவிட்டேன். பார்த்த ஒருவர் பிடித்துவிட்டார். சரி: லாஸ்லோ பீரோ, ஹங்கேரிக்காரர், பத்திரிகையாளர், காப்புரிமை 1938. அச்சு மை சீக்கிரம் காய்கிறதே என்று பார்த்து வந்த யோசனை.

1.11.2024

நேற்று தீபாவளி, இன்று புதுச்சேரி விடுதலை நாள், இரண்டு நாள் சேர்ந்த லீவு. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றினார்கள். அவர்களோடு கப்பலேறாமல் நின்றுவிட்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்: என் தாத்தாவின் கையெழுத்து.

அம்மாவைப் பெற்ற தாத்தா குருசுக்குப்பத்துக்காரர். பிரெஞ்சு காலத்துப் பள்ளி. அந்த ஊர் நோட்டு நம் நாலு கோடு நோட்டு மாதிரி இருக்காது. படுக்கைக் கோடுகளோடு செங்குத்துக் கோடும் உண்டு, கட்டம் கட்டமாக. 1892-ல் செயெஸ் என்ற புத்தகக் கடைக்காரர் கொண்டுவந்த கோடு, இன்றும் பிரான்சில் பிள்ளைகள் அதில்தான் எழுதுகிறார்கள். எந்த எழுத்து எத்தனை கட்டம் ஏற வேண்டும், எங்கே சுழிக்க வேண்டும் எல்லாம் அதில் கணக்கு. தாத்தா பிரெஞ்சு எழுதினால் மல்லிகைச் சரம் தொடுத்த மாதிரி இருக்கும். தமிழ் எழுதினாலும் அதே சாய்வு வந்துவிடும்.

வில்லங்கம் எண்களில்தான். பிரெஞ்சுப் பழக்கத்தில் 7-க்கு இடுப்பில் ஒரு கோடு போடுவார். 1-க்கு முன்னால் நீளமாக ஒரு ஏற்றக் கோடு. அவருக்குக் குழப்பமே இல்லை, கோடு இருந்தால் ஏழு, இல்லையென்றால் ஒன்று. கடலூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெங்காயம் 1 கிலோ. ஏழு கிலோ வந்து இறங்கியது. கடைக்காரர் அனுப்பிய பையன், 'கல்யாணமா?' என்று கேட்டானாம். பத்து நாள் வெங்காயச் சாம்பார், வெங்காய பஜ்ஜி, வெங்காயத் துவையல். கடைசி வரைக்கும் தாத்தா 1-ஐ மாற்றவில்லை. மளிகைச் சீட்டு எழுதும் வேலை ஆயாவுக்கு மாறியது.

2.11.2024

பலர் வெங்காயத்தையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். 1970-களின் கடைசி, விலை எனக்கு நினைவில்லை. போதும்.

9.11.2024

சட்டைப் பையில் மை ஒழுகுவது ஏன் என்று கேட்டிருந்தார்கள். மை நிறைய இருக்கும்போது ஒழுகாது, குறைந்தபின்தான் ஒழுகும். காலிப் பேனாவில் இருப்பது காற்று. நெஞ்சுச் சூட்டில் காற்று விரியும், விரிந்த காற்று மிச்ச மையை நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்குக் கட்டை வழியாக வெளியே தள்ளும். பேனாவின் உடம்பு முழுக்க மை நிற்கும், சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பும் பழைய பில்லர் பேனாக்களில் இது அதிகம், சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் கேட்கவே வேண்டாம். எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று நடந்தது. பேனாவின் பெயர் வேண்டாம். நெஞ்சில் உள்ளங்கை அளவு நீலத்தோடு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன். படித்த மாப்பிள்ளை என்று மாமனார் முடிவு செய்ததற்கு அந்தக் கறைதான் காரணம் என்பது என் மனைவியின் கட்சி.

மருந்து: பாதி குறைந்ததுமே நிரப்பிவிடுங்கள், பையில் நிப்பை மேலே பார்க்க வையுங்கள்.

17.11.2024

'வெளிநாட்டில் கர்சிவை ஒழித்துவிட்டார்கள், நாம்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம்' என்பவருக்கு: பாதிதான் சரி. பின்லாந்து 2016-ல் பள்ளியில் கட்டாயத்தை எடுத்தது. ஆனால் கலிபோர்னியா 2023-ல் சட்டம் போட்டு ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை திரும்பக் கொண்டுவந்தது. அவர்களுக்கே முடிவாகத் தெரியவில்லை.

அதைவிட முக்கியமானதை இன்று என் மகள் கேட்டாள். 'அப்பா, நாலாவதுல பென்சில்தானே, அந்த அங்கிள் எதுக்குப் பேனா கொடுக்கறாரு?' ஒரு மாதமாக முப்பது பேர் அடித்துக்கொள்கிறோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

8.12.2024

மூன்று வாரமாக ஆளைக் காணோம் என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. அந்த மழையில் எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம் என்று இருந்தோம். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது அப்புறம்தான். வீட்டுக்குள் இடுப்பளவு. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மரப்பீரோவின் கீழ்த் தட்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது.

அந்தத் தட்டில்தான் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. அப்பா 1976 முதல் 1988 வரை பம்பாயில் வேலை பார்த்தார். மாதம் இரண்டு இன்லாண்டு கடிதம். 1983 வரைக்கும் இங்க் பேனா, ராயல் ப்ளூ மை. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. துதிக்கை லை, வால் சுழித்த னா, வரி முழுக்க ஒரே ஓட்டம். நான் பத்திர எழுத்தரிடம் சேர்ந்ததே அந்த எழுத்தைப் பார்த்து வந்த ஆசையில்தான். அதற்கப்புறம் அப்பா பால் பாயிண்டுக்கு மாறினார். எழுத்து விறைத்து, உடைந்து, கோணியது. 23.10 அன்று சொன்னேனே, அதுதான். அந்தக் கடிதங்களை நான் எடுத்துப் படித்ததே கிடையாது.

இங்க் கடிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாள் அப்படியே இருக்கிறது, எழுத்து இல்லை. வெளிர் நீல இன்லாண்டில் அதைவிட வெளிறிய ஒரு நீலப் படலம், அவ்வளவுதான். பால் பாயிண்ட் கடிதங்களில் ஒரு எழுத்து போகவில்லை. எண்ணெய்ப் பசை மை, தண்ணீரில் கரையாது. 23.10 அன்று எதைக் குறை சொன்னேனோ அதே பசை.

எங்கள் ஐயா பத்திரத்துக்கு ராயல் ப்ளூவைத் தொடவிட மாட்டார். 'தண்ணி பட்டா அழியுற எழுத்து சாசனமாடா?' என்பார். இரும்புச் சத்து கலந்த ப்ளூ பிளாக்தான். காயக் காயக் கறுத்துத் தாளின் நாருக்குள் பிடித்துக்கொள்ளும். என் கையாலேயே நான் எழுதிய எங்கள் வீட்டுக் கிரையப் பத்திரம், 1997, அதே தட்டில்தான் கிடந்தது. நீலம் போய்விட்டது. எழுத்து சாம்பல் நிறத்தில் நிற்கிறது, நாலு எல்லை சொல்லும் செக்குபந்தி முழுக்கப் படிக்க முடிகிறது.

11.12.2024

தாளைக் காய வைப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு, எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். வெயிலில் போடாதீர்கள், முறுக்கிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரமாக இருக்கும்போது இழுக்காதீர்கள். அச்சு இல்லாத வெள்ளைத் தாளை நடுவில் வைத்து, மாற்றி மாற்றி, மின்விசிறிக் காற்றில். நிறைய இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, பூஞ்சை பயமில்லாமல் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். கருவாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

அழிந்த கடிதங்களின் மேல் இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நிப் கீறிய தடம் சில இடங்களில் தெரிகிறது. 'சௌக்கியம்', 'மணியார்டர்', இன்னொரு இடத்தில் என் பெயர். மற்றபடி ஒன்றும் இல்லை. இங்க் பேனா மென்மையாகப் போகும் என்று நானேதான் புகழ்ந்தேன்.

22.12.2024

பால் பாயிண்ட் கடிதங்களைப் படித்து முடித்தேன். முதல் தடவையாக. 1984-ல் ஒன்று. அம்மா என் எழுத்தைப் பற்றிப் புலம்பி எழுதியிருப்பாள் போல. அப்பாவின் பதில்: 'பெரியவன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் என்ன, எனக்குப் புரிகிறது. அடிக்காதே. இங்கே ஆபீஸில் கார்பன் வைத்து மூன்று பிரதி எழுத வேண்டியிருக்கிறது, இங்க் பேனாவைப் பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்கே எழுத்து போய்விட்டது.'

கார்பன் தாள். பேனாவை மாற்றியதற்குக் காரணம் அதுதான். மூன்றாம் பிரதியில் விழ வேண்டுமானால் அழுத்தித்தான் ஆக வேண்டும். நாற்பது வருஷமாக ரசனை கெட்டுப்போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5.1.2025

நெல்லிக்குப்பம் நண்பர் எழுதியிருக்கிறார். ஹீரோவை மகனிடம் கொடுக்கவில்லையாம். டீச்சரிடம் பேசி இரண்டு பக்கத்தை அரைப் பக்கமாகக் குறைத்திருக்கிறார், பையன் இப்போது அழுவதில்லை, ஆனால் b-யையும் f-ஐயும் இன்னும் ஒரே மாதிரிதான் சுழிக்கிறான். சுழிக்கட்டும். என் மகள் கர்சிவில் எழுதும் r-ஐ நானே v என்றுதான் படிக்கிறேன்.

நான் முதல் நாள் 'கொடுங்கள்' என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தமிழில் சேர்த்தெழுத்து உண்டு என்று சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன், முத்தியால்பேட்டைக்காரர் எத்தனை பக்கம் எழுதினாலும் சரி.

5.1.2025, பத்து நிமிஷம் கழித்து

என் ஹீரோவும் தண்ணீரில் போய்விட்டது, சொல்ல மறந்துவிட்டேன். உங்களுடையது அங்கே சும்மாதான் கிடக்கிறது என்றால் வருகிற ஞாயிறு நெல்லிக்குப்பம் பக்கம் வருகிறேன். நிப் நேராக இருக்கிறதா?